குழாய் வழியே ஒரு பாதாம்

முப்பத்தெட்டு வருடம் மீன்பிடிக் கப்பல்களில் சமையல்காரராக இருந்தவர் ஹால்வார். கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பானைகளைக் கயிறு போட்டுக் கட்டி வைக்க வேண்டிய புயலிலும், மணி பன்னிரண்டு அடித்தால் இருபத்திரண்டு பேர் தட்டிலும் சூடாக ஏதாவது விழுந்துவிடும். அவர் கையால் மீன் உருண்டை தின்று பழகியவர்கள் சம்பளம் குறைந்தாலும் வேறு கப்பலுக்குப் போகத் தயங்கினார்கள் என்று ஸ்கார்வெய் தீவில் இன்றும் சொல்வார்கள். அப்பேர்ப்பட்ட மனிதர் தன் சொந்த வீட்டில் எழுபத்திரண்டு வயது வரைக்கும் ஒரு கரண்டியைக்கூடத் தொட்டதில்லை. அது அக்காவின் சமையலறை.

"கப்பல்ல நீ என்ன வேணா கிளறிக்கோ. இங்க வந்தா கையக் கட்டிக்கிட்டு உக்காரு" என்று மோல்ஃப்ரி சொல்லிவிட்டாள். ஹால்வாரும் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் மேசைக்கு முன்னால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி உட்கார்ந்து, போட்டதைத் தின்று, எழுந்து போவார். உருளைக்கிழங்கு ஒரு கொதி அதிகமாக வெந்திருப்பது தெரிந்தாலும் வாயைத் திறக்கமாட்டார்.

அம்மா சாகும்போது அவருக்குப் பத்து வயது, அக்காவுக்குப் பத்தொன்பது. அப்பா கடலுக்குப் போய் வந்துகொண்டிருந்தார். பிறகு ஒரு தடவை போனவர் வரவில்லை. மோல்ஃப்ரி தீவின் தபால் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து தம்பியை வளர்த்தாள். அவளைப் பெண் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவரிடம் லாரியே இருந்தது. "இந்தப் பயலுக்கு யாரு ஆக்கிப் போடுவா?" என்று இருவரையும் அனுப்பிவிட்டாள். தம்பி வளர்ந்து மீசை வைத்த பிறகு யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், லாரிக்காரருக்குக் குறட்டை ஜாஸ்தி என்று காரணத்தை மாற்றிக்கொண்டாள்.

ஹால்வாரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடலில் கிடந்தவனுக்கு நேரம் ஏது என்பார் அவர். வருகிறவளை மோல்ஃப்ரி அடுப்புப் பக்கம் நிற்க விடுவாளா என்று தீவு கேட்கும். எது எப்படியோ, வேலையிலிருந்து ஓய்வு பெற்று அவர் நிரந்தரமாக வீட்டுக்கு வந்தபோது, இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே நாள் தவறாமல் சண்டை போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்தார்கள்.

போன ஜனவரியில் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. கரையில் இருக்கிற ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம். இடது கையும் காலும் போயின. பேச்சு பாதி திரும்பியது. ஒவ்வொரு வார்த்தையையும் மூட்டை தூக்குகிற மாதிரி தூக்கி வைப்பாள், ஆனால் வைக்கிற இடம் தப்பாது. விழுங்குவது மட்டும் திரும்பவே இல்லை. ஒரு மடக்குத் தண்ணீர் கொடுத்தாலும் அது நுரையீரலுக்குள் போனது. அதனால் வயிற்றில் சின்னதாக ஒரு துளை போட்டு, பென்சிலைவிட மெல்லிய ஒரு குழாயைச் செருகினார்கள். இனிமேல் சாப்பாடு அதன் வழியாகத்தான்.

"என்ன இங்கேயே விட்டுட்டுப் போயிடுவியா?" என்று அக்கா ஆஸ்பத்திரியில் கேட்டாள். எண்பத்தொரு வருடத்தில் அவள் தம்பியிடம் பயந்து கேட்ட கேள்வி அது ஒன்றுதான்.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்க்கா" என்றார் ஹால்வார். மூன்று நாள் அங்கேயே தங்கி எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார். கட்டிலின் தலைமாட்டை உயர்த்த வேண்டும். முதலில் பெரிய சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீர். பிறகு பையில் வருகிற திரவம், மெதுவாக. பிறகு மறுபடியும் தண்ணீர், இல்லாவிட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகும் ஒரு மணி நேரம் அக்கா சாய்ந்தபடியே இருக்க வேண்டும். துளையைச் சுற்றித் தோல் சிவந்திருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். வாயால் சாப்பிடாவிட்டாலும் வாயைத் துடைத்துவிட வேண்டும். கப்பலில் மணி அடித்த மாதிரி காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு, இரவு ஒன்பது என்று ஒரு நாள்கூட அவர் தவறவிடவில்லை.

அந்தப் பையைத்தான் அவரால் சகிக்க முடியவில்லை. அதற்கு அவர் வைத்த பெயர் தீவனம். காய்ந்த புல்லின் நிறம், மணமே கிடையாது. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பையின் பின்புறம் எழுதியிருந்ததை எல்லாம் படித்துப் பார்த்தார்.

"இத யாரு சமைச்சது? ஒரு பேராச்சும் போட்டிருக்கானா பாரு. தைரியம் இருந்தா போட்டிருப்பான்ல?"

"பேசாம... ஊத்துடா" என்றாள் அக்கா. "கையி... ஆடுது."

"என் கை ஆடல. கட்டில்தான் ஆடுது."

"கட்டில்... கப்பல் இல்ல."

அக்கா படுத்த நாளிலிருந்து அவர் தனக்கென்று அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. விழுங்க முடியாதவள் பக்கத்து அறையில் படுத்திருக்க, மீனை வெண்ணெயில் வதக்கி வீடு முழுக்க மணக்க விடுவதற்கு அவருக்கு மனசு வரவில்லை. நின்றபடியே ரொட்டியும் சீஸும் தின்றார். காப்பி மட்டும் போட்டார். அதையும் கொல்லைப் பக்கம் கொண்டுபோய்க் குடித்தார்.

அக்டோபரில் ஒரு தப்பு நடந்தது. அக்காவின் மாத்திரையைச் சரியாகப் பொடிக்காமல் கரைத்துக் கொடுத்துவிட்டார்; குழாய் அடைத்துக்கொண்டது. சுற்றியுள்ள நான்கு தீவுகளுக்கும் வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் நர்ஸ் யூருன் வந்து சரிசெய்தாள். யூருன் அந்தத் தீவிலேயே பிறந்தவள். சின்ன வயதில் தபால் நிலையத்தில் மோல்ஃப்ரி கொடுக்கும் மிட்டாய்க்காக வரிசையில் நின்றவள். இப்போது நாற்பத்தைந்து வயது, வேலை என்று வந்தால் முகம் பார்க்கமாட்டாள்.

"மாமா, நேரா சொல்லிடறேன். இன்னொரு தடவ உங்க கைத்தப்பால அடைச்சுதுன்னா நான் எழுதித்தான் ஆகணும். கரையில முதியோர் இல்லத்துல ஒரு கட்டில் காலியாகப் போகுது. அங்க ராத்திரி பகலா ஆளு இருக்காங்க. அத்தைக்கு அதுதான் நல்லதுன்னு நானே சொல்லிடுவேன்."

அன்றிலிருந்து மாத்திரையை மாவு மாதிரி அரைத்தார், இரண்டு தடவை வடிகட்டினார். அக்காவை அனுப்பிவிட்டு அந்த வீட்டில் தான் மட்டும் உட்கார்ந்திருப்பதை அவரால் நினைத்தே பார்க்க முடியவில்லை. பயந்தார். புயலுக்குப் பயப்படாதவர், ஒரு சாண் குழாய்க்குப் பயந்தார்.

இப்படி நவம்பர் ஒழுங்காகப் போனது. டிசம்பர் இருபத்துநாலும் வந்தது; அந்தத் தீவில் அன்று மாலையே கிறிஸ்துமஸ்.

அன்று மதியம் எல்லா வீட்டிலும் அரிசியைப் பாலில் வேகவைத்த கஞ்சிதான். தோல் உரித்த ஒரே ஒரு பாதாமை அந்தப் பானைக்குள் போட்டுவிடுவார்கள். யார் கிண்ணத்தில் அது வருகிறதோ அவருக்குப் பாதாம் மாவில் செய்த பன்றிப் பொம்மை பரிசு. ஹால்வார் வீட்டில் தின்பது இரண்டே பேர். ஆனாலும் அவர் ஊரில் இருந்த கிறிஸ்துமஸ்களில் எல்லாம் பாதாம் அவர் கிண்ணத்தில்தான் வந்தது. தனக்கு அதிர்ஷ்டம் என்று முப்பத்துநாலு வயது வரை நம்பினார், பாவம். அந்த வருடம் சந்தேகம் வந்து, அக்கா சர்க்கரை எடுக்கத் திரும்பியபோது இரண்டு கிண்ணத்தையும் இடம் மாற்றி வைத்தார். அப்போதும் பாதாம் அவருக்கே வந்தது. பாத்திரம் கழுவப் போனவர் தொட்டியில் பார்த்தால், இரண்டு பாதாமின் தோல் கிடக்கிறது. அவள் இரண்டு கிண்ணத்திலும் ஒவ்வொன்று போட்டு, தன்னுடையதைச் சத்தமில்லாமல் மென்று விழுங்கியிருக்கிறாள். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பன்றியைத் தின்றார்.

இந்த வருடம் அக்கா ஜெயிக்க வேண்டும் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். காலையிலேயே அடுப்பைப் பற்ற வைத்தார். பதினொரு மாதம் கழித்து அந்த வீட்டில் பால் பொங்கியது. கதவு திறந்திருந்ததால் அக்காவுக்குக் கரண்டிச் சத்தம் கேட்டது.

"அடி... பிடிக்குது!"

"பிடிக்கல!"

"எனக்கு... இங்க... தெரியுது!"

"நாப்பது வருஷம் கிளறினவன் நான். சும்மா இருக்கியா?"

அவளது பங்கைத் தனியாக எடுத்து, நிறையப் பால் விட்டுத் தளர்த்தி, மெல்லிய துணியில் இரண்டு தடவை வடிகட்டினார். தண்ணீர் மாதிரி ஆனது. அத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதைக்கே இடமில்லை. ஆனால் கஞ்சியை வடிகட்டினால் பாதாமும் அல்லவா துணியில் நின்றுவிடும்? பாதாம் உள்ளே போகாமல் ஜெயித்தாள் என்று எப்படிச் சொல்வது? ஊரை ஏமாற்றலாம், அக்காவை ஏமாற்ற முடியாது. எனவே பாதாமை உரலில் போட்டு இடித்து இடித்துப் பொடியாக்கினார். விரலில் தேய்த்துப் பார்த்தார், நைசாகத்தான் இருந்தது. வடிகட்டிய கஞ்சியில் அந்தப் பொடியைக் கொட்டிக் கலக்கினார். கொஞ்சம் பட்டைத் தூளும் தூவினார். இதையெல்லாம் செய்தது, ஒரு மாத்திரைப் பொடியை இரண்டு தடவை வடிகட்டுகிற அதே மனிதர்தான்.

இரண்டு மணிக்குச் சிரிஞ்சோடு வந்து நின்றார். மறு கையில் ஒரு தட்டில் இரண்டு பேர் கஞ்சியும். அக்கா அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"யூருனுக்குத்... தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப... சீக்கிரம்... ஊத்து" என்றாள்.

சுகமாக இறங்கியது. இரண்டு சிரிஞ்சு போனதும் அவர் கொஞ்சம் நிறுத்தி, தன் கிண்ணத்தில் இருந்த கெட்டிக் கஞ்சியை அவளுக்கு முன்னாலேயே உட்கார்ந்து தின்றார். ஒரே மேசையில் சாப்பிடுகிற மாதிரி இருந்தது. அப்போது அக்காவுக்கு ஒரு ஏப்பம் வந்தது. நல்ல, பெரிய ஏப்பம். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பட்டை... ஜாஸ்தி."

ஹால்வார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "ருசி தெரியுதா?"

"ஏப்பத்துல... வருது." இன்னும் கொஞ்சம் யோசித்தாள். "பாதாமா?"

"பாதாம்தான்."

"அப்ப... பன்னி... எனக்கு."

அவர் சட்டைப்பையிலிருந்து பன்றிப் பொம்மையை எடுத்து அவள் போர்வை மேல் நிறுத்தினார். அவள் வலது கையால் அதைப் பிடித்துக்கொண்டாள். முப்பத்தெட்டு வருடம் சமைத்த சமையலை முதல் முறையாக அக்கா ருசித்திருக்கிறாள், குறையும் சொல்லியிருக்கிறாள். ஹால்வாருக்குச் சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டார், மீதி இருந்த ஒரு சிரிஞ்சையும் ஏற்றினார். அதற்குள் கஞ்சி ஆறிக் கெட்டியாகியிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

தண்ணீர் விட்டுக் கழுவப் போனபோது சிரிஞ்சு நகரவில்லை.

இன்னும் கொஞ்சம் அழுத்தினார். நகரவில்லை. பின்னால் இழுத்தார், வரவும் இல்லை. குழாயை விரலால் உருட்டிப் பார்த்தார். கைகள் இப்போது நிஜமாகவே ஆடின. சமையலறை இழுப்பறையில் தூண்டிலுக்கான மெல்லிய கம்பி இருந்தது. கப்பலில் எந்தக் குழாய் அடைத்தாலும் அதுதான் வைத்தியம். அதை எடுத்துக்கொண்டு வந்தவர் அக்காவின் வயிற்றைப் பார்த்தார். திரும்பிப் போய் இழுப்பறையிலேயே போட்டுவிட்டு, போனை எடுத்தார்.

"என்ன குடுத்தீங்க மாமா?" என்றாள் யூருன்.

மாத்திரை என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பொய் அவர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. "கஞ்சி" என்றார். "பாதாம் போட்டு."

அந்தப் பக்கம் கரண்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "எதையும் தொடாதீங்க. வரேன்."

கோட்டுக்குக் கீழே சமையல் ஏப்ரனோடு வந்து நின்றாள் யூருன். வீட்டில் ஆட்டு விலா எலும்பு ஆவியில் வெந்துகொண்டிருந்தது, ஐந்து மணிக்குத் தேவாலய மணி அடித்தால் அவள் வீட்டில் எல்லோரும் மேசைக்கு வந்துவிடுவார்கள். வெந்நீர் கேட்டாள், அதை ஆற்றினாள், சிரிஞ்சில் எடுத்துக் கொஞ்சம் தள்ளினாள், கொஞ்சம் இழுத்தாள். குழாயைத் தடவி விட்டாள், காத்திருந்தாள். மறுபடியும் தள்ளினாள், இழுத்தாள்.

"இது சரியாகலன்னா?" என்றார் ஹால்வார்.

"ஆம்புலன்ஸ் படகு. ஆஸ்பத்திரில குழாய மாத்தணும். அங்கேருந்து நேரா இல்லத்துக்கு." அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "மாமா, நீங்க அந்தப் பக்கம் போய் நில்லுங்க. என் கைல மூச்சு விடாதீங்க."

அவர் சமையலறைக்குப் போனார். அங்கே அழுக்குப் பாத்திரம் குவிந்திருந்தது. கழுவத் தோன்றவில்லை. உரலைப் பார்த்தபடி நின்றார், தன்னையே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டார். நாற்பத்தைந்து நிமிடம் ஆனது. பிறகு தண்ணீர் சளக்கென்று இறங்குகிற சத்தமும், யூருன் பெருமூச்சு விடுகிற சத்தமும் கேட்டன. போய் எட்டிப் பார்த்தார். சிரிஞ்சின் நுனியில் பழுப்பாக ஒரு துணுக்கு. அரிசி மணி அளவுகூட இல்லை.

"இதோ வந்துட்டான் வில்லன்" என்றாள் யூருன். சிரிக்கவில்லை. "மாமா, நான் எழுதணும். போன தடவையே சொன்னேன்."

"நான்தான்... ஊத்தச் சொன்னேன்" என்றாள் மோல்ஃப்ரி. "அப்படி... எழுது."

"அத்தை, அவரக் காப்பாத்தறதுக்காகப் பொய் சொல்லாதீங்க."

"பொய்... இல்ல. கேட்டுப் பாரு."

ஹால்வார் ஆமாம் என்று தலையை ஆட்டினார். யூருன் சிரிஞ்சைத் துடைத்து வைத்தாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "மாமா, கதவச் சாத்திட்டு வெளிய இருங்க" என்றாள்.

அந்த அறைக்கும் சமையலறைக்கும் நடுவே இருப்பது ஒற்றைப் பலகைச் சுவர். மூன்று பேருக்கும் அது தெரியும். ஹால்வார் அடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அத்தை, நான் இவ்ளோ நாளா மாமாகிட்டதான் பேசிட்டிருந்தேன். உங்ககிட்ட யாருமே கேக்கல. நானும் கேக்கல, அது என் தப்பு. அந்த இல்லத்துல ரெண்டாம் தேதி ஒரு அறை காலியாகுது. ஜன்னல்ல கடல் தெரியும். பெல் அடிச்சா உடனே ஆளு வரும். கைத்தப்பு நடக்காது. உங்களுக்குப் போகணும்னு இருக்கா? மாமா மனசு நோகும்னு பாக்காம சொல்லுங்க."

தானும் ஒரு தடவைகூட அக்காவிடம் கேட்கவில்லையே என்று ஹால்வாருக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொன்னது ஆஸ்பத்திரியில் இருந்தபோது. அதற்குப் பிறகு அவள் மனசு மாறியிருக்கலாம். மாறியிருந்தால் நியாயம்தான். ஆடுகிற கை, அடைத்த குழாய், தீவனம், இப்போது கஞ்சி. போகிறேன் என்று சொன்னால் தானே பெட்டியைக் கட்டிக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்தார்.

"அறை... நல்லாத்தான் இருக்கும்" என்றாள் அக்கா.

"ஆமா அத்தை."

"சுத்தமா... இருக்கும்."

"இருக்கும்."

"எல்லாரும்... தங்கமா... நடந்துக்குவாங்க."

"ரொம்பத் தங்கமானவங்க."

"அப்ப... நான்... யாரத் திட்டுறது?"

கட்டில் கிறீச்சிட்டது.

"அறுபது வருஷமா... ஒருத்தனையே... திட்டிப் பழகிட்டேன். இந்த வயசுல... புது ஆளத் தேட... முடியாது." மூச்சு வாங்கிக்கொண்டாள். "போகமாட்டேன்."

கொஞ்ச நேரம் கழித்து யூருன் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். அவள் கண்ணும் சரியில்லை. கோட்டின் பட்டனை மேலும் கீழும் மாற்றிப் போட்டபடி, "நோயாளி தானே விரும்பிக் கேட்டதுன்னு எழுதறேன்" என்றாள். "இனிமே பையத் தவிர ஒரு சொட்டு அதுல போகக்கூடாது. சத்தியமா மாமா. நாக்குல கொஞ்சம் ருசி காட்டலாமான்னு லீவு முடிஞ்சதும் டாக்டர்கிட்ட நான் கேக்கறேன். அது வரைக்கும் கரண்டியத் தொடாதீங்க." அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அவள் நிற்காமல் படியிறங்கி ஓடினாள்.

ஹால்வார் பாத்திரம் துடைக்கும் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். சத்தம் வராமல்தான் அழுதார். ஐந்து மணி அடிக்கத் தொடங்கியது. மணிச் சத்தத்துக்கு நடுவே பக்கத்து அறையிலிருந்து குரல் வந்தது.

"டேய்... ஒட்டுக் கேட்டியா?"

"இல்லக்கா."

"பொய்யி. மூஞ்சியக்... கழுவிட்டு வா. நல்ல நாளு."